கீச்சிடாத வாத்து

அத்தான் யாரையும் நம்ப மாட்டார். கடலில் என்னை மட்டும் நம்பினார். அதுவும் முழுசாக இல்லை. சங்கு குளிக்க இறங்குகிறவனின் இடுப்புக் கயிற்றை மச்சான்தான் பிடிக்க வேண்டும் என்பது திரேஸ்புரத்துப் பழக்கம். கூடப்பிறந்தவளின் தாலியை நினைத்தாவது இழுப்பான் இல்லையா. அப்படியிருந்தும் முதல் நாள் அடியில் போய், இழுக்கச் சொல்லிக் கயிற்றை அசைக்காமலே கிடந்தார். பதறி இழுத்தேன். மேலே வந்து மூச்சு வாங்கியபடி, "பரவாயில்லலே, முழிச்சுத்தான் இருக்கே" என்றார்.

கடலை விட்டு வருஷங்கள் ஆகிவிட்டன. போன மாசம் டீ குடிக்கையில் அத்தானின் வலது கையிலிருந்து கிளாஸ் நழுவியது. வாய் குழறியது. கொஞ்ச நேரத்தில் எல்லாம் சரியாகிவிட, முதல் சந்தேகம் டீக்கடைக்காரர் மேல். "பால்ல எதையோ கலக்குதான்." ஸ்கேன் வேறு சொன்னது: இடது கழுத்து ரத்தக்குழாயில் அடைப்பு. விட்டால் பக்கவாதம் வரலாம். அறுத்துச் சுத்தம் செய்தால் தடுக்கலாம். ஆனால் செய்யும்போதே ஒரு துணுக்கு மூளைக்கு ஓடி, அதே பக்கவாதம் வந்துவிடவும் கூடும்.

"எத்தன பேருக்கு அப்படி ஆவும்?" அத்தான் கேட்டார்.

"நூறு பேர்ல ஒரு சிலருக்கு" என்றார் டாக்டர்.

"அந்தச் சிலர் யாரு?"

"வயசு, சுகர், பீடி, அடைப்போட தன்மை, எல்லாம் பார்த்து ஒரு கணக்குப் போடுவோம். உங்களுக்கு ஆபத்து குறைவுதான். ஆனா இன்னாருக்குன்னு முன்னாடியே சொல்ல முடியாது."

வராந்தாவில் அத்தான் என் காதைக் கடித்தார். "தெரியாதுங்காரு. அவரு கையில கழுத்தக் குடுக்கச் சொல்லுதியாலே?"

அன்று சாயங்காலம் கடலைப் பார்த்து நின்றேன். எண்ணெய் தடவியதுபோல் தட்டையாக, ஒன்றுமே அறியாததுபோல் கிடந்தது தண்ணீர். அந்த அமைதி பிடிக்கவில்லை. அவர் கழுத்துக்குள்ளும் இப்படித்தான் இருக்கும்.

மறுநாள் டாக்டரே ஒரு வழி சொன்னார். மயக்கம் கொடுக்காமல், கழுத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து அறுப்பது. வலது கையில் ஒரு ரப்பர் வாத்து. குழாயில் ரத்தத்தை நிறுத்தியிருக்கும்போது அமுக்கச் சொல்வார்கள். கீச்சென்றால் மூளைக்கு ரத்தம் போகிறது. சத்தம் இல்லையென்றால் உடனே மாற்றுக்குழாய் வைத்து ரத்தத்தை அனுப்புவார்கள்.

அத்தான் டாக்டரை மேலும் கீழும் பார்த்தார். "கயிறு மாரி" என்றார். சம்மதித்தார்.

கதவுக்கு இந்தப் பக்கம் அக்காள் ஜெபமாலையோடு, நான் வெறுங்கையோடு. கடைசியில் வெளியே வந்த டாக்டரின் முகத்தில் வியர்வை.

"கை நல்லாருக்கு, பேச்சும் நல்லாருக்கு. ஆனா உங்க அத்தானுக்கு என்ன கிறுக்கா? அமுக்குங்கன்னேன், அமுக்கல. திரும்பச் சொன்னேன், அமுக்கல. மாற்றுக்குழாயக் கையில எடுத்துட்டேன். அப்புறம் கீச்சு கீச்சுன்னு விடாம அமுக்குதாரு. கேட்டா, நீங்க முழிச்சிருக்கீயளான்னு பாத்தேங்காரு!"

"அவுக குணம் அது, டாக்டர்" என்றாள் அக்காள், அழுகையும் சிரிப்புமாக.

ஆபத்து இன்னும் முழுசாகப் போகவில்லை, கையையும் பேச்சையும் கவனியுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

வார்டில் அத்தானின் வலது கைக்குள் என் விரல்களை வைத்தேன். "அமுக்குங்க, அத்தான்."

கை சும்மா கிடந்தது. கண் என் முகத்தில்.

"சிஸ்டர்!" கத்திவிட்டேன். அதற்குப் பிறகுதான் விரல்கள் இறுகின.

"வேணும்னுதாம்லே அமுக்கல. சிரி."

நான் சிரிக்கவில்லை. அவர் சொன்னதை நம்பவும் இல்லை. சிஸ்டரை அனுப்பி டாக்டரைத் திரும்பக் கூப்பிட்டு, அந்தக் கையை என் கண்முன்னால் இன்னொரு தடவை பார்க்கச் சொன்னேன்.