பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கம்

அலுவலகத்தில் என்னோடு வேலை செய்கிறவர்கள் இராமேஸ்வரத்துக்குச் சொந்தக் காரில் போகத் திட்டம் போடுகிறார்கள். எந்த மாதம் போனால் நன்றாக இருக்கும் என்று ஆளாளுக்குக் கைப்பேசியில் தேடிவிட்டு, கடைசியில் என்னிடம் வந்து நிற்கிறார்கள். தை, மாசி என்று சொல்லிவிட்டு நான் என் வேலையைப் பார்க்கிறேன். அந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்கு அலுப்பு வந்துவிடுகிறது. சின்ன வயதில் எங்கள் வீட்டில் வருஷா வருஷம் அரைத்த மாவு அது.

எங்கள் ஊர் திருச்செங்கோடு. அப்பா போர்வெல் போடும் ரிக் லாரிக்கு டிரைவர். லாரி ஆந்திராவில் ஓடும். வெயில் காய்ந்து கிணறுகள் வற்றினால்தான் ரிக்குக்கு வேலை. ஆகவே பள்ளிக்கூடம் முழுப்பரீட்சை லீவு விடும்போது அப்பா ஏதாவது ஒரு காட்டில் பாறையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். மழை பிடித்து, லாரிச் சக்கரம் சேற்றில் புதையும் காலம் வந்தால்தான் ஊர் திரும்புவார். மற்றவர்கள் வெயில் காலத்தில் சுற்றுலா போவார்கள் என்றால், ரிக்கை நம்பிப் பிழைக்கும் எங்கள் தெருக்காரர்கள் குடையை எடுத்துக்கொண்டு போவார்கள். சித்திரையில் மேகம் கறுக்கும்போது மழை வரட்டும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லிவிட முடியாது. பிழைப்பில் மண் போடுகிறாயா என்று அதட்டு விழும். நான் மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். மழை வந்தால் அப்பா வருவார்.

எனக்குக் கடல் பார்க்க வேண்டும். அதுவும் சுற்றிலும் தண்ணீர் இருக்கும் ஊரைப் பார்க்க வேண்டும். அம்மாவோ வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், "ராமேஸ்வரம் போறதுக்கு எந்த மாசமுங்க நல்லாருக்கும்?" என்று விசாரித்துக்கொண்டே இருப்பாள். சித்திரை, வைகாசியில் அப்பா இல்லை. ஆடியில் காற்று தூக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அப்பா இருப்பார், கூடவே புயலும் இருக்கும். மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், ஒரே ஒரு தடவை அங்கே போய்வந்தவர். அலையே அவரைக் கேட்டுத்தான் அடிக்கிறது என்கிற மாதிரி பேசுவார். "தை, மாசிதான் சீசன். மத்த மாசமெல்லாம் போறதும் ஒண்ணு, போகாததும் ஒண்ணு" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார். தை பிறந்ததும் அப்பாவின் லாரி கிளம்பிவிடும். என்னைக் கூட்டிப்போகாமல் இருப்பதற்குத்தான் அம்மா இப்படிக் காரணம் சேர்க்கிறாள் என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

நான் ஐந்தாவது படித்த வருஷம், கார்த்திகையில், புயல் என்று பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டார்கள். அப்பா வீட்டில் இருந்தார். அந்த வருஷம் ஆந்திராவில் மழை சீக்கிரமே நின்றுவிட்டதால், மறுநாள் சாயங்காலமே லாரி கிளம்புகிறது என்று முதலாளியிடமிருந்து போன் வந்திருந்தது. கொஞ்ச நேரம் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றவர், "கெளம்பு புள்ள, இப்பவே போயிட்டு ராத்திரியே திரும்பிரலாம்" என்றார். மாமா தலையில் அடித்துக்கொண்டுதான் கார் சாவியைக் கொடுத்தார்.

கரூர், திண்டுக்கல், மதுரை என்று வழி நெடுக மழை. மண்டபம் தாண்டிப் பாலத்தின் வாயில் போலீஸ்காரர்கள் தடுப்பு வைத்து நிறுத்திவிட்டார்கள். காற்று அடங்கினால்தான் விடுவார்களாம். எங்களுக்கு முன்னால் கார்கள் வரிசையாக நின்றன. கடல் சேற்று நிறத்தில் புரண்டுகொண்டிருந்தது. பாலம் மேலே ஏறிப் போவது தெரிந்தது, இறங்குவது தெரியவில்லை. அந்தப் பக்கம்தான் தீவு.

அப்பா சீட்டைச் சாய்த்துக்கொண்டு தூங்கிவிட்டார்.

அவர் தூங்குவது லேசில் நடக்கிற காரியம் இல்லை. ரிக் ஓடும் இடத்தில் இரவெல்லாம் கம்ப்ரஸர் இரையும். அந்த இரைச்சலுக்குப் பக்கத்திலேயே படுத்துப் பழகிய உடம்பு. சத்தம் நின்றால்தான் விழிப்பு வரும். நின்றால் எதுவோ உடைந்துவிட்டது என்று அர்த்தம். எங்கள் வீடோ அமைதியான வீடு. லீவில் வந்தால் ராத்திரி முழுக்கப் புரளுவார், எழுந்துபோய் வாசலில் உட்காருவார், பகலில் கண் சிவந்து கிடப்பார். இங்கே காற்று ஓயாமல் இரைந்தது. வாய் திறந்திருக்க, கழுத்து சாய்ந்து, அப்படி அவர் தூங்கி நான் பார்த்ததே இல்லை. அம்மா திரும்பி உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிற்பகலில் காற்று தணிந்தது. தடுப்பை விலக்கினார்கள். நான் பின்சீட்டிலிருந்து எக்கி அப்பாவின் தோளைத் தொடப் போனேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"எழுப்பாத சாமி."

"உட்டுட்டாங்கம்மா. எல்லாரும் போறாங்க."

"தெரியுது. இருக்கட்டும்."

சத்தம் குறைந்ததும் அப்பாவின் இமை அசைந்தது. வண்டி ஓட்டத் தெரியாத அம்மா, கையை நீட்டிச் சாவியைத் திருப்பி, காரின் விசிறியை முழு வேகத்தில் வைத்தாள். அது இரையத் தொடங்கியதும் அவர் மறுபடி ஆழ்ந்துவிட்டார். போலீஸ்காரர் ஒருவர் வந்து கண்ணாடியைத் தட்டினார். அம்மா மெதுவாக இறக்கி, "ராத்திரியே இவரு ஊருக்கு ஓட்டோணும்ங்க. நாளைக்கு மறுபடியும் லாரி. செத்த தூங்கட்டும்ங்க" என்றாள்.

அவர் உள்ளே குனிந்து அப்பாவைப் பார்த்தார். "காத்து கூடுச்சுன்னா திரும்ப அடைச்சிருவோம்மா" என்றார்.

"சரிங்க."

போலீஸ்காரர் எங்களுக்குப் பின்னால் நின்ற வண்டிகளை எங்களைச் சுற்றிப் போகச் சொன்னார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. இத்தனை வருஷமாகச் சொன்ன சாக்கெல்லாம் போதாதென்று, வாசல் வரைக்கும் வந்து கெடுக்கிறாளே என்று இருந்தது. கொஞ்ச நேரத்தில் காற்று மறுபடி எழுந்தது. தடுப்பை மூடினார்கள்.

இருட்டும் நேரத்தில் அப்பா கண் விழித்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உட்டாங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. உடவே இல்ல" என்றாள் அம்மா.

நான் வாயைத் திறந்தேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். "மச்சான் சொன்னது சரிதான். சீசன் பாத்துத்தான் வரோணும்" என்று சொல்லி அப்பா வண்டியைத் திருப்பினார். பரமக்குடியில் வாங்கிக் கொடுத்த புரோட்டாவை நான் தொடவில்லை. வீடு வரைக்கும் அம்மாவோடு பேசவும் இல்லை.

அதற்கப்புறம் எந்த வருஷமும் மாதமும் ஆளும் ஒன்றாகக் கூடிவரவில்லை. அப்பாவுக்கு இடுப்பு போய், இப்போது காரில் அரை மணி நேரம் உட்காரவே முடியாது. அன்றைக்கு அந்தக் காரில் தீவுக்குப் போக ஆசைப்பட்டது நான் ஒருத்திதான் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். மாமாதான் ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார். கல்யாணமான புதிதில், நான் பிறப்பதற்கு முன்பே, அங்கே கூட்டிப்போகச் சொல்லி அப்பாவிடம் கேட்டது அம்மாவாம். அவள் அப்பாவிடம் இதுவரை கேட்டதே அது ஒன்றுதானாம். அன்றைக்குக் கார்கள் ஒவ்வொன்றாகப் பாலம் ஏறிப் போனபோது நான் அழுதுகொண்டு தலையைக் குனிந்துகொண்டேன். கடைசிக் கார் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தது அவள்தான்.