ரஷ்யாவில் வெந்த பொலஸ்

மெல்பேர்னில் படிக்கும் மகன் போன வாரம் வீடியோவில் வந்து, இடியப்பமும் சொதியும் சாப்பிட ஆசையாக இருக்கிறது என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இடியப்பம் இல்லை. பிள்ளை அங்கே ஏங்கும்போது இங்கே நமக்கு எப்படி இறங்கும் என்று மனைவி கேட்கிறாள். எனக்கு நன்றாகவே இறங்கும். ஆனால் ஐம்பதைத் தொட்ட மனிதன் இடியப்பத்துக்காகச் சண்டை பிடித்தால் அக்கம்பக்கத்தில் என்ன நினைப்பார்கள்? பேசாமல் பேக்கரிப் பாண் தின்கிறேன். இந்தத் தண்டனையைச் சிறுவயதிலேயே அனுபவித்து முடித்துவிட்டேன் என்றுதான் இத்தனை காலமும் நம்பியிருந்தேன்.

அப்போது நாங்கள் மாத்தளைக்குப் பக்கத்தில் அலுவிகாரையில் இருந்தோம். அக்கா புலமைப்பரிசில் கிடைத்து ரஷ்யாவுக்கு டாக்டருக்குப் படிக்கப் போயிருந்தாள். மாதத்தில் ஒரு ஞாயிறு, பக்கத்து இரும்புக்கடை முதலாளியின் தொலைபேசிக்கு அவளுடைய அழைப்பு வரும். நாங்கள் குளித்துத் தலைவாரி, ரஷ்யாவுக்கே புறப்பட்டவர்கள் மாதிரி கடையில் போய்க் காத்திருப்போம். அம்மாவின் காதோடு என் காதையும் ஒட்டிவைத்துக்கொள்வேன்.

ஒருமுறை அக்கா, "கோவா எலையும் பீட்ரூட்டும் தின்னு நாக்கு செத்துப்போச்சும்மா. உங்க பொலஸ் கறி கனவுல வருது" என்றாள்.

பொலஸ் என்பது பிஞ்சுப் பலாக்காய். அதைத் துண்டுபோட்டு, கொறக்காப் புளியும் வறுத்த தூளும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அம்மா காலையில் விறகடுப்பில் ஏற்றினால், சாயங்காலம் வரை சிறு தீயில் கிடக்கும். கறுஞ்சிவப்பாகும்வரை யாரும் மூடியைத் தொடக்கூடாது. அந்தக் கறிக்காக நான் சில நாட்கள் நல்ல பிள்ளையாகக்கூட இருந்திருக்கிறேன்.

அக்காவின் கனவோடு எங்கள் வீட்டில் பொலஸ் நின்றுபோனது. வீட்டின் பின்னால் பலாமரத்தில் பிஞ்சுகள் கொத்துக்கொத்தாகத் தொங்கின.

"மரம் இங்க, ஆசை ரஷ்யாவுல. நடுவுல நான் என்னா பாவம் செஞ்சேன்?" என்றார் அப்பா.

"புள்ள அங்க வாய்க்கு ருசியில்லாம கெடக்குது. ஒங்களுக்கு பொலஸ் கேக்குதா? பருப்பு இருக்கு, தின்னுங்க."

தின்றோம். பிஞ்சுகள் ஒவ்வொன்றாகப் பருத்து என் கண்முன்னே வீணாகப்போயின.

அடுத்த மாதம் அக்காவே கேட்டாள்: "அங்க பொலஸ் ஆக்குனீங்களாம்மா?"

"நீ இல்லாம எப்புடிம்மா? நீ என்னைக்கு சாப்புடுறியோ அன்னைக்குத்தான் இங்கயும்."

அக்கா அவசர அவசரமாக, விடுதியில் எல்லோருக்கும் ஒரே சமையலறை என்றும், பல நாட்டுப் பிள்ளைகளும் முறைவைத்துச் சமைப்பதாகவும், ஒரு வியட்நாம் பிள்ளை பலாக்காய் டின் ஒன்று தருவதாகச் சொல்லியிருக்கிறாள் என்றும் சொன்னாள். எப்படி ஆக்குவது?

ரஷ்யாவுக்கு நேராகவே கேட்கட்டும் என்று அம்மா கத்திச் சொல்ல ஆரம்பித்தார். முதலாளிக்குப் பொறுக்கவில்லை. "தங்கச்சி, கொறக்காய சொல்லாம உட்டுட்டீங்க!"

"அங்க ஏது மொதலாளி கொறக்கா?"

"அப்ப தேசிக்காய புழியச் சொல்லுங்க!"

ஆணி வாங்க வந்தவர், "ரம்பை எல இல்லாட்டி அது பொலஸே இல்ல" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு ஆணி வாங்காமலே போனார்.

அந்த மாதம் முழுவதும் நான் கோயிலில் வேறெதுவும் கேட்கவில்லை. வியட்நாம் டின்னுக்காக மாரியம்மனிடம் வேண்டிக்கொண்ட முதல் மாத்தளைக்காரன் நானாகத்தான் இருப்பேன்.

வேண்டுதல் பலித்தது. "ஆக்கிட்டோம்மா! எல்லாரும் சட்டிய வழிச்சி சாப்புட்டாங்க!"

"எவ்வளவு நேரம் அடுப்புல வச்ச?"

"அரை மணித்தியாலம் இருக்கும். நல்லா செவந்து வந்துச்சு."

அம்மா ரிசீவரை மறுகைக்கு மாற்றிக்கொண்டார். வெளியே தம்புள்ளை பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது.

"அப்படியா. நல்லதும்மா" என்றார்.

"இனிமே நீங்களும் ஆக்கி சாப்புடுங்க. என்னா?"

"ஆக்குறேம்மா."

மறுநாள் மரத்தில் மிஞ்சியிருந்த பிஞ்சுகளை வெட்டி, காலையில் ஏற்றி, பொழுதுசாய இறக்கினார். அப்பா மூன்றாம் தடவையும் சோறு போட்டுக்கொண்டார். அம்மா மட்டும் பருப்பை ஊற்றிப் பிசைந்தார்.

"ஏம்மா, பொலஸ்?"

"வயிறு ஒரு மாதிரியா இருக்கு. என் பங்கையும் நீயே தின்னு."

அரை மணித்தியாலத்தில் அது எப்படிச் சிவக்கும் என்ற சந்தேகம் எனக்கும் வராமலில்லை. வானத்துக்கு ராக்கெட் விடுகிற நாடு; அடுப்பும் அதற்கேற்ற மாதிரித்தான் இருக்கும் என்று முடிவுசெய்துகொண்டேன். அடுத்த பொலஸுக்கும் அம்மாவுக்கு இப்படியே வயிறு சரியில்லாமல் போனால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தபடி சட்டியை வழித்தேன்.