எட்வின் கல்லறைக்கு ஒரு வரி

எழுதுகிறவன் என்று தெருவில் தெரிந்துவிட்டால் போதும்... கல்யாணப் பத்திரிகை, ரிடையர் ஆகிறவருக்குப் பாராட்டு மடல், மாப்பிள்ளை வீட்டாருக்கு மரியாதையாக ஒரு கடிதம் – எல்லாம் நம் வாசலுக்கே வந்து சேரும். நானும் முகம் சுளிக்காமல் எழுதிக் கொடுப்பேன்.

ஆனால் சென்ற மாதம் வந்த வேண்டுகோள் புதுசு.

ஞாயிற்றுக்கிழமை காலை. பக்கத்து வீட்டு சாமுவேல் சர்ச்சிலிருந்து திரும்பியவர், வீட்டுக்குப் போகாமல் நேராக என் வாசலில் வந்து நின்றார்.

"சார், ஒரு லைன் எழுதித் தரணும். கல்லுக்கு."

"என்ன கல்லு?"

"எட்வின் கல்லறைக்கு சார்."

எட்வின் அவருடைய ஒரே பிள்ளை. பத்து வயது. போன மழைக்காலத்தில் டைபாய்டு வந்து போய்விட்டான்.

பிரேசர் டவுனில் சாமுவேல் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அவர் ஒரு பாக்டரியில் ஃபிட்டர். பேச்சு குறைவு, கை சுத்தம். மனைவி எஸ்தர் பேச்சில் அவருக்கு நேர் எதிர் – சுவருக்கு அந்தப் பக்கம் அவர் பேசினால் இந்தப் பக்கம் என் மனைவி பதில் சொல்லிக்கொண்டிருப்பாள்.

எட்வினுக்கு இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்தது. வலது கால் சூம்பிவிட்டது. காலில் மாட்டிக்கொள்ள ஆஸ்பத்திரியில் கொடுத்த இரும்பு கனமாக இருந்ததென்று, சாமுவேல் தானே ஒன்று செய்தார். இரண்டு பக்கமும் மெல்லிய இரும்புப் பட்டை, முழங்காலுக்கு மேலும் கீழும் தோல் வார், அடியில் பூட்ஸ். பையன் வளர வளர அதையும் நீட்டிக்கொண்டே வந்தார். அதைப் போட்டுக்கொண்டு அவன் தெரு முழுக்கச் சுற்றுவான். ஒரு கால் தரையில் ஊன்றும் சத்தம், அடுத்தது இழுபடும் சத்தம்... எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தாலே யார் வருகிறார்கள் என்று தெரிந்துவிடும்.

தெரு கிரிக்கெட்டில் அவன்தான் நிரந்தர அம்பயர். அவுட் என்றால் அவுட். என் மகனுக்கே பலமுறை விரலைத் தூக்கியிருக்கிறான். அவனை 'நொண்டி' என்று ஒரு பையன் சொன்னதற்காக எஸ்தர் அந்தப் பையன் வீட்டுக்கே போய், அவன் அப்பாவை வெளியே கூப்பிட்டு நியாயம் கேட்டது தெருவில் எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு அந்த வார்த்தையை யாரும் வாயில் எடுக்கவில்லை.

அடக்கத்தன்று நடந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பெட்டியை மூடப் போகும் நேரம். எட்வினுக்கு வெள்ளைச் சட்டை, காலில் அந்த இரும்பு. சாமுவேல் திடீரென்று குனிந்து தோல் வாரை அவிழ்க்க ஆரம்பித்தார்.

எஸ்தர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "என்ன பண்றீங்க?"

"அங்க இது அவனுக்கு வேணாம் எஸ்தரு."

"இரும்பு இல்லாம எப்படி எழுந்து நிப்பான்?"

"நல்ல காலோட எழுந்திருப்பான். விடு."

எஸ்தர் விடவில்லை. உறவுக்காரப் பெண்கள் இருவர் வந்து அவரை விலக்கிக் கூட்டிப் போனார்கள். சாமுவேல் இரும்பைக் கழற்றி எடுத்தார். பெட்டியை மூடினார்கள்.

அப்போது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்கள் வீட்டு வழக்கம் வேறு. உடம்பை நெருப்புக்குக் கொடுப்போம். சாம்பலை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கொண்டுபோய்க் காவிரியில் கரைப்போம். திரும்பிப் பார்க்காமல் வருவோம். ஆத்மா போய்விட்டது, உடம்பு பழைய சட்டை – இப்படிக் கேட்டு வளர்ந்தவன் நான். போன பிறகு காலில் இரும்பு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

சாமுவேல்தான் பின்னொரு நாள் விளக்கினார். "எங்களுக்கு அப்படி இல்ல சார். ஆத்துமா மட்டும் பரலோகம் போயிட்டா முடிஞ்சு போச்சுன்னு நாங்க சொல்றதில்ல. சரீரமும் உயிர்த்தெழும். வாராவாரம் சர்ச்சுல நின்னுக்கினு அதை விசுவாசிக்கிறேன்னு சொல்றோம். வெதை மண்ணுக்குள்ள போவுது... மொளைக்கிறப்போ வேற மாதிரி வருதில்ல? அதே வெதைதான், ஆனா வேற அழகு. அழிவில்லாத உடம்பு. நோவு கெடையாது, ஊனம் கெடையாது."

அவர் அதைச் சொன்னபோது முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. துக்கம் விழுந்த வீட்டில் அவர் பிடித்துக்கொண்டிருந்த ஒரே கயிறு அதுதான் என்று நினைத்தேன்.

சரி, கல்லுக்கு வருவோம்.

முடவன் மானைப் போலத் துள்ளுவான் என்று அவர்களுடைய வேதத்தில் ஒரு தீர்க்கதரிசி சொல்லியிருக்கிறாராம். அந்த வசனத்தைத்தான் கல்லில் வெட்ட வேண்டும் என்பது சாமுவேலின் ஆசை. கல் வெட்டுகிறவரிடம் சொல்லியும் ஆயிற்று. எஸ்தருக்கு விஷயம் தெரிந்தது. ஒரே வார்த்தையில் நிறுத்திவிட்டார்.

"அந்தப் பேரை எம் பிள்ளை கல்லுல போடறதுன்னா நான் அந்தப் பக்கமே வரமாட்டேன்."

மாதக்கணக்கில் அந்தக் கல், பெயர் மட்டும் வெட்டிய நிலையில், பட்டறை வாசலில் கிடந்தது. வீட்டில் இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சும் அப்படியே பாதியில் கிடந்தது. எஸ்தர் சர்ச்சுக்குப் போவதை நிறுத்திவிட்டார்.

"அந்த வார்த்தை வரக்கூடாது சார். ஆனா அர்த்தம் அதே இருக்கணும்" என்றார் சாமுவேல்.

வேறு மதம், வேறு நம்பிக்கை... எனக்கு என்ன தெரியும்? இருந்தாலும் உட்கார்ந்து எழுதினேன். 'துள்ளி எழுவாய்' என்று ஒன்று. 'புதிய கால்களோடு' என்று ஒன்று. இன்னும் சில. மறுநாள் மாலை காகிதத்தை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். எஸ்தர்தான் இருந்தார். வாங்கிப் படித்தார். திருப்பிக் கொடுத்தார்.

"எல்லாத்துலயும் கால்தான் சார் இருக்கு."

காகிதத்தை மடித்துப் பையில் வைத்தேன். அவரே பேசினார்.

"உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன. கடைசி நாள்ல எக்காளம் ஊதும், மரிச்சவங்க எல்லாம் எழுந்திருப்பாங்கன்னு சின்ன வயசுலயிருந்து கேட்டுக்கினு வர்றேன். அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா அன்னிக்கு எத்தினி கோடி ஜனம் நிக்கும்? எல்லாப் பசங்களும் ஒரே மாதிரி ஓடிவந்தா, என் பையன் எவன்னு நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்? சர்ச்சுல அவன் வர்றது திரும்பிப் பாக்காமயே எனக்குத் தெரியும் சார். அந்தக் காலுக்கு எட்டு வருசம் எண்ணெய் தேச்சு விட்டிருக்கேன். எல்லாரும் வந்து, கவலைப்படாதே, அந்தக் கால் இனிமே இருக்காதுன்றாங்க. எனக்கு அதுதானே பேஜாரு."

சாமுவேல் டியூட்டி முடிந்து வந்து வாசற்படியில் நின்றிருந்ததை நாங்கள் இருவரும் கவனிக்கவில்லை.

"இதை நீ எங்கிட்ட சொல்லவே இல்லியே எஸ்தரு."

"நீங்க கேக்கல. இரும்பைக் கழட்டுறப்பவும் கேக்கல."

சாமுவேல் பேண்ட்டில் மாட்டியிருந்த சைக்கிள் கிளிப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். நான் கிளம்பலாமா என்று யோசித்தபோது மெதுவாக ஆரம்பித்தார்.

"அதைச் செஞ்சவன் நான். எவ்ளோ நல்லா அரத்தால ராவி வெச்சாலும் எங்கியாவது ஒரசும். அவன் சொல்லமாட்டான். சாக்ஸ்ல ரத்தம் பாத்துதான் எனக்குத் தெரியும். மறுபடி தட்டி வளைப்பேன். மறுபடி வேற எடத்துல ஒரசும். அதைப் போட்டுக்கினே மண்ணுக்குள்ள போவட்டும்னு எனக்கு மனசு வர்ல."

"அந்த சாக்ஸைத் தோச்சவ நான்தானே" என்றார் எஸ்தர்.

குரலில் கோபம் இல்லை. அடக்கத்துக்குப் பிறகு அவர்கள் எட்வினைப் பற்றி ஒருவரோடொருவர் பேசியது அன்றுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். நான் சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்துச் சாமுவேல் கூப்பிட்டார். "ஐயரைப் பாக்கப் போறோம். நீங்களும் வாங்க சார்." அவர்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வார்கள். என் மனைவி முதன்முதலில் கேட்டபோது, கிறிஸ்தவர் வீட்டுக்கு எந்த ஐயர் வருகிறார் என்று குழம்பிப் போனாள்.

இந்த ஐயர் மிகவும் இளைஞர். படிப்பு முடித்து வந்து முதல் சபை இதுதானாம். எஸ்தர் அவரிடம் சுற்றி வளைக்கவில்லை.

"ஐயா, என் பையன் எந்தக் காலோட எழுந்திருப்பான்?"

அவர் மேஜை மேலிருந்த புத்தகத்தை மூடி வைத்தார்.

"எனக்குத் தெரியாதும்மா. இந்தப் பாடத்துல பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணியிருக்கேன். ஆனா அங்க யாரும் இப்படிக் கேக்கல."

அந்த நிமிடமே எனக்கு அவரைப் பிடித்துப்போனது. அவர் தொடர்ந்தார். "நமக்கு முன்னாடி அப்படி எழுந்தவர் ஒருத்தர்தான். அவரைப் பத்தி என்ன எழுதியிருக்கோ அது மட்டும் சொல்றேன். எழுந்து வந்தது ஆவி இல்லை, உடம்புதான். தொட்டுப் பாருங்கன்னார். சீஷர்கள் முன்னாடி மீன் வாங்கிச் சாப்பிட்டார். பூட்டின வீட்டுக்குள்ளயும் வந்து நின்னார். அப்போ அது நம்ம உடம்பு மாதிரியும் இருந்தது, மாதிரி இல்லாமயும் இருந்தது. கையில ஆணித் தழும்பு அப்படியே இருந்தது."

"தழும்பு இருந்திச்சா?" என்றார் எஸ்தர்.

"இருந்ததும்மா. அதைக் காட்டித்தான் நான்தான்னு சொன்னார்."

"வலி?" – இது சாமுவேல்.

"வலிச்சதுன்னு எங்கேயும் எழுதலை."

சாமுவேல் தலையைக் குனிந்துகொண்டார். எஸ்தர் விடவில்லை. "பாத்தவுடனே அவரை எல்லாருக்கும் தெரிஞ்சுதா?"

"இல்லம்மா. மகதலேனா மரியாள் அவ்ளோ பக்கத்துல நின்னு பாத்தாங்க. தெரியலை. தோட்டக்காரர்னு நெனச்சுப் பேசுறாங்க. அவர் 'மரியாளே'ன்னு பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். அந்தக் கூப்பிடற குரல்லதான் தெரிஞ்சுது."

ஐயர் ஜெபம் செய்தார். புறப்பட்டோம்.

மூவரும் நடந்தே திரும்பினோம். ரிச்சர்ட்ஸ் டவுன் பார்க்கைத் தாண்டும்போது எஸ்தர் சொன்னார்: "பேர் சொல்லிக் கூப்பிடும் நாள் வரைக்கும். அவ்ளோதான் போடணும். வேற ஒண்ணியும் வேணாம்."

சாமுவேல் நின்றுவிட்டார். "யாரு கூப்பிடறது? ஆண்டவரா, நீயா?"

"யார் கூப்பிட்டாலும் அவன் வருவான்."

சாமுவேல் என்னைப் பார்த்தார். 'கூப்பிடும்' என்பதைக் கல்லில் 'அழைக்கும்' என்று வெட்டிக்கொள்ளலாம் என்றேன். அந்த வரியில் என் பங்கு அவ்வளவுதான்.

சென்ற சனிக்கிழமை கல்லை நிறுத்தினார்கள். கல்லறைத் தோட்டத்தில் சில்வர் ஓக் மரங்களுக்குக் கீழே, சின்னக் கல். பெயர், பிறந்த நாள், இறந்த நாள். அதற்குக் கீழே – பெயர் சொல்லி அழைக்கும் நாள் வரை.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை உண்டா என்று வாசகர்கள் கேட்கலாம். தெரியவில்லை. ஆனால் உடம்பு பழைய சட்டை என்று அந்த இரண்டு பேர் முன்னால் நின்று என்னால் சொல்ல முடியாது. அந்தக் காலை ஒருவர் எண்ணெய் தேய்த்தே அறிந்திருக்கிறார். மற்றவர் அளவெடுத்தே அறிந்திருக்கிறார். அது ஒன்றுமில்லாமல் போகக்கூடாது என்று அவர்கள் கேட்பதில் என்ன தவறு?

ஐயர் போய்விட்டார். கல் நிறுத்தியவர்களும் கடப்பாரையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். நாங்களும் புறப்படலாம் என்று திரும்பியபோது எஸ்தர் மட்டும் கல்லுக்குப் பக்கத்திலேயே நின்றார். முந்தானையைச் சரி செய்துகொண்டார். பிறகு, சாப்பிடக் கூப்பிடுகிற சாதாரணக் குரலில், ஒரே ஒரு முறை –

"எட்வின்."

காற்றில் மரம் அசைந்தது. தூரத்தில் ஒரு பஸ் போயிற்று. எஸ்தர் தலையைச் சற்றுச் சாய்த்து, அந்தக் காலடிச் சத்தத்துக்குக் காது கொடுத்தபடி நின்றார்.

சாமுவேல் அவர் அருகில் போய் நின்றுகொண்டார்.

"மெதுவா வரட்டும் எஸ்தரு" என்றார். "அவசரமில்ல."