என் முழங்காலுக்கு மகள் சொன்ன பதில்

எனக்கு எழுபத்தேழு வயது. பெற்றது மூன்று, வளர்த்தது ஐந்து. என் நாத்தனார் சின்ன வயதிலேயே கண்ணை மூடியபோது அவள் பிள்ளைகள் இரண்டையும் என் பிள்ளைகளோடு சேர்த்து வளர்த்தேன். ஐவரில் ஒருவர்கூடப் பசியோடு பள்ளிக்கூடம் போனதில்லை. நான்தான் மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டேன். கையெழுத்துப் போடுவேன், பஸ்ஸில் ஊர்ப்பெயர் வாசிப்பேன். புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரனூருக்குக் கிழக்கே என் ஊர். அங்கே இருந்தவரை அதற்கு மேல் தேவைப்படவில்லை. இப்போது மெல்போர்னில், கடைசி மகள் செல்வி வீட்டில் இருக்கிறேன். ஊரில் இருக்கிறவர்களும், என்னைப் போலப் பிள்ளை வீட்டோடு வந்து தங்கிவிட்டவர்களும் கேட்டுக்கொள்ளட்டும் என்று இதைச் சொல்கிறேன். நான் சொல்லச் சொல்ல, எட்டு வயதுவரை கீரனூரில் படித்த என் பேத்தி, செல்வி மகள் யாழினி எழுதுகிறாள்.

இந்த வீட்டில் காலை நேரத்தில் ஒரு விசித்திரம் நடக்கும். அடுப்பில் பால் வைத்துவிட்டு நிற்பேன். மகள் அறையிலிருந்து, "டாக்டர், எனக்கு ரெண்டு நாளா நெஞ்ச அடைக்குது" என்று சத்தம் வரும். முதல் தடவை கேட்டபோது பாலை அப்படியே விட்டுவிட்டு, முட்டி வலியையும் மறந்து ஓடினேன். அவள் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, போ போ என்று கையை ஆட்டினாள். இன்னொரு நாள், "நான் அந்தக் கடையில திருடல ஐயா" என்றாள். பெற்றவளுக்கு எப்படி இருக்கும்? பிறகுதான் விளங்கியது. அவள் கணக்கெழுதிய கம்பெனியை மூடிவிட்டார்கள். அதனால் ஆஸ்பத்திரியிலும் கோர்ட்டிலும் நம் ஆட்களுக்காக மொழிபெயர்க்கிற வேலைக்கு ஆன்லைனில் பயிற்சி எடுக்கிறாள். நோயாளி என்ன சொன்னாலும், 'அந்த அம்மா வலிக்கிறது என்கிறார்' என்று சொல்லக் கூடாதாம். 'எனக்கு வலிக்கிறது' என்றே சொல்ல வேண்டுமாம். ஊரார் வலியெல்லாம் காலையில் என் மகள் வாயில் இருந்தது.

சாயங்காலம் வகுப்பு. கம்ப்யூட்டரில் சின்னச் சின்னக் கட்டங்களில் முகங்கள் தெரியும். டீச்சர் சிட்னியில் இருக்கிற யாழ்ப்பாணத்து அம்மா. கீரையை ஆய்ந்துகொண்டே நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பேன். "கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அந்த அறைக்குள்ள யார் என்ன கதைச்சாலும் அது மற்றவருக்குப் போக வேணும். உங்களிட்ட மட்டும் ரகசியமாச் சொன்னாலும் சரிதான்" என்பார். "சொந்தக்காரருக்கு நீங்கள் மொழிபெயர்க்கப் போகாதேங்கோ. பாசம் வந்தா சொல் மாறிப் போகும்" என்றும் ஒரு நாள் சொன்னார். எனக்கு அந்த அம்மாவைப் பிடித்துப்போனது. காரணம் இருக்கிறது.

என் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் கோளாறு என்று திருச்சிக்குக் கூட்டிப்போனபோது, டாக்டர் என் மூத்தவனை மட்டும் வெளியே அழைத்துப்போய்ப் பேசினார். நம் பக்கத்தில் அப்படித்தானே. யாருக்கு நோயோ, அவருக்குத்தான் கடைசியில் தெரியும். அப்பாவிடம் சொல்லிவிடாதே என்று பிள்ளைகள் எல்லோரும் என் வாயைக் கட்டினார்கள். பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். கீரனூரில் இறங்கியதும் டீக்கடை பெஞ்சில் அவரை உட்காரவைத்துச் சொல்லிவிட்டேன். "ஆபரேசன் பண்ணணுங்கிறாக. பண்ணுனாலும் ஆபத்து, பண்ணாட்டியும் ஆபத்து." அவர் டீயை முழுதாகக் குடித்து முடித்தார். "நான் என்ன பண்ணட்டும்?" என்றார். "அது ஒங்க ஒடம்பு. நீங்கதான் சொல்லணும்" என்றேன். "செஞ்சுக்குவோம்" என்றார். அந்த ஆபரேஷனிலிருந்து அவர் வீடு திரும்பவில்லை. சொல்லாமல் இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச காலம் இருந்திருப்பார் என்று சொந்தமெல்லாம் என் காதுபடவே பேசியது. செல்வி அப்போது காலேஜில் படித்தாள். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளாவது என் பக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

என் முழங்கால் சங்கதிக்கு வருகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் செல்வி என்னை இங்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். தலை நரைத்த வெள்ளைக்கார டாக்டர். வலி தாங்கவில்லை, அறுத்துச் சரிசெய்வதென்றாலும் செய்யட்டும், ஊருக்குப் போய்ப் பஸ் படி ஏறவேண்டும் என்று சொன்னேன். செல்வி இங்கிலீஷில் பேசினாள், அவர் பேசினார், மறுபடி இவள் பேசினாள். "வயசாயிருச்சாம்மா. மாத்திரையும் பயிற்சியும் போதுங்கிறாரு" என்றாள். அன்றிலிருந்து அந்த டாக்டரை நான் வையாத நாள் இல்லை. கல்நெஞ்சன், கிழவி என்றால் இளக்காரம் என்று போனில் ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

போன மாசி மாதம் ஒரு நாள் வகுப்பில், உண்மையான நோயாளியை வைத்துப் பழகலாம் என்றார் டீச்சர். "அம்மா, நீங்கள் வாங்கோ. பயிற்சிதானே, மகளெண்டாலும் பரவாயில்லை. உங்கட உடம்பில உண்மையாவே இருக்கிற ஒரு பிரச்சினையைச் சொல்லுங்கோ." எனக்குப் பெருமை தாங்கவில்லை. சேலையை இழுத்துச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தேன். வகுப்பில் படிக்கிற ஒரு தம்பி டாக்டராக நடித்து இங்கிலீஷில் கேட்டார். நான் ஆரம்பித்தேன்.

"வலது முட்டி டாக்டரு. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி ஒங்கள மாதிரி ஒருத்தருட்ட வந்தேன். அறுத்துச் சரிபண்ணுங்கய்யா, ஊருல பஸ்ஸு படி ஏறணும்னு கேட்டேன். வயசாயிருச்சு, மாத்திர போதும்னு அனுப்பிட்டாரு. ஏன், கெழவின்னா மனுசி இல்லையா? நீங்களாச்சும் செய்வீங்களா, இல்ல நீங்களும் அவரு கூட்டாளிதானா?"

கட்டங்களில் எல்லோரும் சிரித்தார்கள். செல்வி இங்கிலீஷில் ஆரம்பித்தாள். முட்டிக்கு இங்கிலீஷில் சொல்கிற 'நீ', பெயின், பஸ் என்று எனக்குத் தெரிந்த சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. அதோடு நின்றுவிட்டாள்.

"ஏன் செல்வி நிப்பாட்டினீங்கள்? அந்த டொக்டரைப் பற்றிச் சொன்னதையும் சொல்லுங்கோ" என்றார் டீச்சர்.

செல்வி கம்ப்யூட்டரையே மூடினாள்.

"அம்மா, அந்த டாக்டரு அப்படிச் சொல்லலம்மா."

"பெறகு?"

"செய்யலாம், நல்லா நடப்பாங்கன்னுதான் சொன்னாரு. நாந்தான் ஒனக்கு வேணாம்னு சொன்னேன்."

"யாருக்கு வேணாம்?"

"ஒனக்கு."

"நான் சொன்னனா?"

மருமகன் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளேயே நின்றுகொண்டார். செல்வி அழ ஆரம்பித்தாள். "அப்பாகிட்ட நீ கேட்ட. அவரு சரின்னாரு. என்னாச்சு? இன்னொரு தடவ ஆஸ்பத்திரி வராண்டாவுல என்னால ஒக்கார முடியாதும்மா."

"அவருகிட்ட கேட்டேன்ல? என்கிட்ட ஏண்டி கேக்கல?"

"கேட்டா நீ சரிம்ப. காலு சரியாயிட்டா ஊருக்குப் போயிருவ."

நான் எழுந்து என் அறைக்குப் போய்விட்டேன். எழ எவ்வளவு நேரம் ஆனதென்று அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பார்க்கட்டும் என்று விட்டேன்.

பக்கத்து வீட்டில் ஒரு வெள்ளைக்காரம்மா நாயைப் பிடித்துக்கொண்டு தினமும் நடப்பார். என்னைவிட மூத்தவர். ஒரு நாள் வேலியருகே நின்று, என் முழங்காலைக் காட்டி, தன் முழங்காலைத் தட்டி, சுத்தியலால் அடிப்பதுபோல் செய்து சிரித்தார். "கீழ விழுந்துட்டாங்களாம்மா" என்றாள் செல்வி. விழுந்துவிட்டு இப்படிச் சிரிக்கிறாரே என்று நான் பரிதாபப்பட்டு ஒரு கிண்ணம் ரசம் கொடுத்துவிட்டேன். அவருக்கு இருப்பது அறுத்து மாற்றிவைத்த புது முழங்கால் என்று இப்போதுதான் விளங்குகிறது. இந்த நாட்டில் யாரும் என்னோடு நேராகப் பேசியதில்லை. நான் கேட்டதெல்லாம் அவள் வாய் வழியாக வந்தது, நான் சொன்னதெல்லாம் அவள் வாய் வழியாகப் போனது. பல் டாக்டர் சொன்னது, விசா ஆபீஸில் கேட்டது, யாழினி பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்னைப் பார்த்துச் சிரித்துச் சொன்னது என்று ஒவ்வொன்றாக எடுத்து, இதில் எது நிஜம், எது அவள் போட்டது என்று தடவிப் பார்த்தேன். அயலான் ஏமாற்றியிருந்தால் நாலு வார்த்தை வைதுவிட்டுப் போவேன். இவளை எங்கே நின்று வைவது? இவள் வீட்டில்தான் நிற்கிறேன்.

சில நாள் காபி மட்டும் போட்டுக் கொடுத்தேன். பிறகு சொன்னேன். "அந்த டாக்டருகிட்ட போகணும். நீயும் வா. ஆனா நீ பேசக் கூடாது. வேற ஆளு பேசட்டும்." அவளே போன் செய்து ஏற்பாடு செய்தாள்.

அதே டாக்டர். இரண்டு வருஷம் நான் வைத மனுஷர் எழுந்து வந்து என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். மேஜையில் ஸ்பீக்கர் போன். அதில் முகம் தெரியாத ஒரு பெண்குரல். "நான் மொழிபெயர்ப்பாளர். இங்க கதைக்கிற எல்லாத்தையும் ரெண்டு பக்கமும் சொல்லுவன்" என்றது. டாக்டர் முதலில் கேட்டதே இதைத்தான். போன தடவை வேண்டாம் என்று சொன்னீர்களே, இப்போது மனசு மாறக் காரணம் என்ன?

"நான் வேணாம்னு சொல்லலங்க. என்னய யாரும் கேக்கல" என்றேன். குரல் அதை இங்கிலீஷில் சொன்னது. டாக்டர் செல்வியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு, என் காதருகே, "வேணாம்மா. அப்பா மாதிரி ஆயிரும்மா. பயமா இருக்கும்மா" என்று முணுமுணுத்தாள். அடுத்த நொடி அந்தக் குரல் அதையும் இங்கிலீஷில் சொல்லிவிட்டது. செல்வி திடுக்கிட்டு நிமிர்ந்தாள். மாதக்கணக்கில் அந்த விதியைப் படித்தவள், மகளாக உட்கார்ந்த இடத்தில் அதை மறந்திருந்தாள். டாக்டர் அவள் பக்கம் நாற்காலியைத் திருப்பி, அப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். அவள் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே போனாள். குரல் அதைத் தமிழில் எனக்குச் சொன்னது. "என்ர அப்பா ஓமெண்டு சொன்னவர். அவரிட்டக் கேட்டிருக்கக் கூடாதெண்டு நான் இன்னும் நினைக்கிறன்." என் மகள் இத்தனை வருஷம் என்மேல் வைத்திருந்த குறையை, முன்பின் தெரியாத ஒருத்தி வாய் வழியாகக் கேட்டேன்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். அது இதயம், இது எலும்பு, இரண்டும் வேறு. ஆனால் ஒளிக்கக் கூடாது என்று இன்னொன்றும் சொன்னார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் செய்திருந்தால் சுலபம். இப்போது சர்க்கரை ஏறியிருக்கிறது, இதயமும் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. செய்யலாம், ஆபத்து முன்னைவிடக் கூடுதல். "முடிவு உங்கட கையில" என்றது குரல். நான் செல்வியைப் பார்க்கவில்லை. "செய்யுங்க" என்றேன்.

வரும் மாதம் நாள் குறித்திருக்கிறார்கள். செல்வி பரீட்சை பாஸாகி வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். கதவைச் சாத்திக்கொண்டு போனில் பேசுகிறாள். எங்கோ யாரோ ஒரு தாய்க்கு, டாக்டர் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொல்கிறாள். எனக்குக் கிடைக்காதது அந்த அம்மாவுக்குக் கிடைக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனாலும் வயிறு எரிகிறது.

பிழைத்து எழுந்தால் ஊருக்குப் போவேனா என்று கேட்காதீர்கள். போவேன். கீரனூரில் பஸ் படியில் முதலில் வைக்கிற வலது காலுக்குள் இந்த ஊர் இரும்பு இருக்கும். பின்னால் தூக்கிவைக்கிற இடது கால் நான் பிறந்த மண்ணில் நடந்து தேய்ந்தது. மேலே ஏறிய பிறகு எந்தப் பக்கம் திரும்பி உட்காருவேன் என்று இன்றைக்குச் சொல்லத் தெரியவில்லை.

எழுதிட்டியா யாழினி? மொதல்லேருந்து வாசி, கேப்போம். அவசரம் ஒண்ணுமில்ல. ஒங்கம்மா கதவுக்கு அங்கிட்டு நிக்கிறது எனக்குத் தெரியும். நல்லாச் சத்தமா வாசி.