சிந்தாத தட்டு

மலாக்காவில், காஜா பெராங்கின் சிட்டி கம்பத்தில் அலமேலுவின் பலகாரத் தட்டு ஏறாத வாசல் கிடையாது. காலை ஏழு மணிக்குள் விற்றுத் தீர்த்துவிட்டு, கெபாயாச் சட்டையின் கையை மடித்துவிட்டபடி மறுநாளைக்குத் தேங்காய் துருவ உட்கார்ந்துவிடுவாள். கோயிலுக்குப் போவாள், கல்யாணத்துக்குப் போவாள், துக்கத்துக்கும் போவாள். படம், நாடகம் என்று யார் கூப்பிட்டாலும் அசைய மாட்டாள்.

காரணம் தெருவுக்கே தெரியும். ஜப்பான்காரன் காலத்தில் தெங்கேராவில் ஒருநாள் இலவசப் படம் என்றார்கள். கொட்டகை நிறைந்ததும் கதவைச் சாத்தினார்கள். வெளியே லாரிகள் நின்றன. உள்ளே இருந்த ஆண்களை அப்படியே சயாமுக்கு, ரயில்பாதை போட ஏற்றிப் போனார்கள். அலமேலுவின் தம்பி சுப்புராமனும் அந்தக் கூட்டத்தில் போனான். இருக்கிறானா, இல்லையா என்று அதன்பின் ஒரு தகவலும் இல்லை. “சும்மா வீட்டைச் சுத்தாதே, போய்ச் சிரிச்சுட்டு வா” என்று அனுப்பி வைத்தவள் அவள்தான்.

ஒவ்வொரு ஜனவரியிலும் போகியன்று அவர்கள் வீட்டில் பார்ச்சு. இறந்தவர்களுக்கு ஆளுக்கொரு இலை போட்டு, அவரவருக்குப் பிடித்ததைப் படைத்து, வீட்டார் எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டு காத்திருப்பார்கள், முன்னோர் வந்து சாப்பிட்டுப் போகட்டும் என்று. இலை நறுக்கும்போது அவள் கணவன் சொக்கப்பன் தயங்கிக் கேட்பான்.

“ஆறா, ஏழா?”

“ஆறு.”

பதின்மூன்று வருஷமாக அதே பதில். ஏழாவது இலை சுப்புராமனுடையது. அவன் உயிரோடு இருக்கும்போது அந்த இலையைப் போட்டால் அக்காவே தம்பியை அனுப்பி வைத்த மாதிரி. ஒருமுறை அனுப்பியது போதும் என்று அவள் நினைத்தாள். இலை போடாவிட்டால், ஒருவேளை அவன் இறந்திருந்தால், பசியோடு வாசலில் நிற்பானே என்றும் நினைத்தாள். போகி முடிந்த இரவுகளில் அவளுக்குச் சோறு இறங்காது.

மெர்டேக்கா, நாட்டுக்கு விடுதலை, ஆகஸ்டில் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த அந்த ஜனவரியில், சிங்கப்பூரிலிருந்து ஒரு தமிழ் நாடகக் கூட்டம் மலாக்கா தியேட்டரில் வந்து இறங்கியது. தெருக்கோடி வீட்டுச் சந்திரமதி முதல் ஆட்டத்தையே பார்த்துவிட்டாள். ரப்பர் தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்த குடும்பத்துப் பெண். ஜாலான் பெண்டஹாராவில் துணிக்கடை வேலை. அலமேலுவுக்குத் தமிழ் வராது. சிட்டிகள் தமிழ் வணிகர் வழிவந்தவர்கள்தான், ஆனால் அது பல தலைமுறைக்கு முந்திய கதை. சாமி பெயரும் உறவுப் பெயரும் தவிர அவர்கள் தெருவில் எல்லாம் மலாய்தான். ஆகவே சந்திரமதி மலாயில் நடித்துக் காட்டினாள்.

“அந்தப் பபூன் இருக்கானே அக்கா, தேத்தண்ணித் தட்டைத் தூக்கிட்டு வர்றான். கால் வழுக்குது. ஆள் பறக்குறான், தட்டு மட்டும் அசையல! அப்படியே கீழ உட்கார்ந்து, தட்டுல இருந்து ஒரு வடையை எடுத்துக் கடிச்சுட்டு, விரலைப் பக்கத்து ஆள் தோள்ல துடைக்கிறான். ராஜா கெட்டான் போ!”

துருவிக்கொண்டிருந்த கை நின்றது. “எந்தத் தோள்ல?”

“இது என்ன கேள்விலா? இடது தோள்.”

அலமேலு எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்தாள். அடியில் கிடந்த பழைய கெபாயாவின் இடது தோளில் எண்ணெய்க் கறை இன்னும் இருந்தது. இதே தெருவில், இதே தட்டோடு சுப்புராமன் நூறு தடவை விழுந்திருக்கிறான். ஒரு பலகாரமும் மண்ணைத் தொட்டதில்லை. ஒவ்வொரு தடவையும் ஒன்று குறையும், அவள் தோளில் ஒரு கறை கூடும்.

“ஞாயிற்றுக்கிழமை பகல் ஆட்டம் உண்டா?” என்று கேட்டாள். சந்திரமதி வாயைப் பிளந்தாள்.

ஞாயிறு மூன்று மணிக்கு மண்டபம் நிரம்பி வழிந்தது. மடியில் பிள்ளைகள், கையில் கச்சான் கடலைப் பொட்டலம். மணி அடித்ததும் கதவுகளைச் சாத்தினார்கள். அலமேலு சந்திரமதியின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“வெளிச்சம் வராம இருக்கத்தான் அக்கா. விடுங்க, வளையல் உடையுது.”

நாடகம் ஒரு கஞ்ச மாமனாரைப் பற்றியது. சனம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. சந்திரமதி காதுக்குள் மலாயில் சொல்லி முடிப்பதற்குள் மேடையில் அடுத்த கலாட்டா தொடங்கிவிடும். ஊர் சிரித்து ஓய்ந்தபின் அலமேலு தனியாகச் சிரித்தாள். முன்வரிசைக் கிழவர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். “இந்தம்மாவுக்கு மட்டும் தபால்ல வருதோ?”

பிறகு பபூன் வந்தான். முகமெல்லாம் மாவு, மூக்கில் சிவப்பு. கையில் தட்டு. நாலு எட்டு வைத்தான். ஐந்தாவது எட்டுக்கு முன்னால், விழப்போகும் சுப்புராமனைப் போலவே, வலது தோளைக் கொஞ்சம் தூக்கினான்.

அலமேலு சிரித்துவிட்டாள். அவன் இன்னும் விழவில்லை. ஊமையாக இருந்த மண்டபத்தில் அவள் ஒருத்தியின் சிரிப்பு கேட்டது. அதன்பிறகுதான் அவன் பறந்தான், தட்டு நின்றது, கூட்டம் அலறியது. மாமனாரின் இடது தோளில் அவன் விரலைத் துடைத்தபோது அலமேலு தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள்.

ஆட்டம் முடிந்ததும் மேடைக்குப் பின்னால் ஓடினாள். பபூன் வாளித் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். மாவு கரையக் கரைய அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். நெற்றி வந்தது. புருவம் வந்தது. அம்மைத் தழும்புள்ள கன்னம் வந்தது. சுப்புராமன் இல்லை.

“என்னம்மா வேணும்?” அவன் பெயர் பொன்னுதுரை.

“இந்த விழுறது... யார் சொல்லிக் கொடுத்தது?” அவள் மலாயில் கேட்டாள்.

அவன் துண்டைக் கீழே வைத்தான். அவனுக்கும் மலாய் வந்தது. “சயாம்ல ஒருத்தர். மலாக்காக்காரர், தமிழ் தெரியாது. அந்தியில கஞ்சி வாங்கிட்டு வர்றப்போ விழுவார். கஞ்சி சிந்தாது. எழுந்து நிற்கத் தெம்பில்லாட்டியும் நாங்க சிரிப்போம். எனக்கும் பழக்கிவிட்டார்.” அவள் முகத்தைப் பார்த்தான். “நீங்க அவருக்கு அக்காவா? அக்கா தோள்ல துடைப்பேன்னு சொல்லுவார்.”

“எங்க அவன்?”

“ஆள் பிரிச்சாங்க. அவரை மேல் முகாமுக்கு அனுப்பினாங்க. அங்கே வாந்திபேதி. சண்டை முடியற வரைக்கும் நான் கீழ் முகாம்லதான் இருந்தேன் அக்கா. மேல இருந்து ஒருத்தர்கூட இறங்கி வரல. பொய் சொல்லி உங்களை அனுப்ப எனக்கு மனசு வரல.”

அவள் தலையசைத்தாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்து, “இன்னொரு தடவை விழுறியா, தம்பி?” என்றாள்.

பார்க்க ஆளில்லாத அந்த இடுக்கில், வெறும் தட்டோடு பொன்னுதுரை விழுந்தான். எழுந்து, ஈர விரலை அவள் இடது தோளில் துடைத்தான்.

போகியன்று சொக்கப்பன் கத்தியோடு வாழை மரத்தடியில் நின்றான். “ஆறா...”

“ஏழு.”

அவன் ஏழாவதையும் நறுக்கினான். அந்த இலையில் அவள், தம்பிக்குப் பிடித்த, புளிப்பான பெலிம்பிங் காய் போட்ட மீன் சினைச் சம்பல் வைத்தாள். பக்கத்தில் தட்டு நிறையப் பலகாரம். எல்லோரும் வெளியே வந்தார்கள். சொக்கப்பன் கதவைச் சாத்தினான். அலமேலு கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றாள்.

“ஏதாவது சத்தம் கேட்குதா?” என்றான்.

“இல்லை,” என்றாள். “அவன்தான் எதையும் சிந்த மாட்டானே.”