ரமாதேவி டீச்சர் ஒத்துக்கொள்ளாத விடை

அசெம்பிளி முடிந்ததும் தலைமையாசிரியர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார், ரமாதேவி டீச்சர் போய்விட்டார் என்று. பள்ளிப்பட்டில் அவர் வீட்டிலேயே மாரடைப்பாம். கூடவே, "இரங்கல் கூட்டத்துல நீங்கதான் பேசணும். அமைதியானவங்க, அனுசரிச்சுப் போறவங்கன்னு ரெண்டு வார்த்தை சொல்லிடுங்க" என்றார். சொல்ல மாட்டேன். பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கை அவரோடு பங்குபோட்டுக்கொண்டவன் நான். அவர் அப்படிப்பட்டவர் இல்லை என்பது அவரோடு வேலை பார்த்த உங்களுக்கும் தெரியும்.

பகுதிப் பின்னங்களாகப் பிரித்துத் தொகையிடும் பாடம் வந்தால், மேலே x-இன் மிக உயர்ந்த அடுக்கு கீழே உள்ளதைவிடக் குறைவா என்று முதலில் பார்க்கச் சொல்வார். குறைவில்லை என்றால் வகுத்துவிட்டுத்தான் பிரிக்க வேண்டும். அவசரப்பட்டு நேரே பிரிக்கிற பிள்ளையிடம், "மாவு அரைக்காமயே தோசை ஊத்துறியாடா?" என்பார்.

சுற்றுவட்டாரப் பள்ளிகள் சேர்ந்து நடத்திய அரையாண்டுத் தேர்வு. விடைத்தாள்களை அரக்கோணத்தில் திருத்தினோம். x²/(x²−1) என்பதைத் தொகையிடச் சொல்லியிருந்தார்கள். விடைக்குறிப்பு தயாரித்தவரே வகுக்க மறந்து நேரே பிரித்துவிட்டார். விடையில் வர வேண்டிய x வரவில்லை. அந்தக் குறிப்பின்படி போனால், வகுத்துச் சரியாகச் செய்த பிள்ளைகளுக்கு முட்டை, தப்பாகச் செய்தவர்களுக்கு முழு மதிப்பெண்.

டீச்சர் எழுந்து மேற்பார்வையாளரிடம் போனார். "சார், x-க்கு ஜீரோ போட்டுப் பாருங்க. கேள்வியில ஜீரோ வருது. குறிப்புல பிரிச்சிருக்கறதுல மைனஸ் ஒண்ணு வருது. ரெண்டும் ஒண்ணா?"

"குறிப்புல இருக்கறபடி போடுங்க டீச்சர். எல்லாரும் போட்டுகினுதானே இருக்காங்க?" என்றார் மேற்பார்வையாளர்.

"ஆங், எல்லாரும் போட்டா மைனஸ் ஒண்ணு ஜீரோ ஆயிடுமா?"

பேனாவை மூடிவைத்து உட்கார்ந்துவிட்டார். நானும் மூடினேன். எங்களைப் பார்த்து இன்னும் சிலர் மூடினார்கள். சாயங்காலத்துக்குள் குறிப்பைத் திருத்தினார்கள், பிள்ளைகளுக்கு மதிப்பெண் கிடைத்தது.

மறுவாரமே நிர்வாகம் டீச்சரிடமிருந்து பன்னிரண்டாம் வகுப்பைப் பிடுங்கிக்கொண்டு ஆறாம் வகுப்பைக் கொடுத்தது. வெளியூரில் பள்ளியின் மானத்தை வாங்கிவிட்டாராம். அவரோ சாக்பீஸை எடுத்துக்கொண்டு கிளம்பினார். "ஆறாவதுலயும் தப்பு தப்புதான் சார். அங்க போயி சொல்லிகினு இருக்கேன்."

எல்லோருக்கும் நல்லவராக அவர் இருந்ததில்லை. பிள்ளைகளுக்கு நியாயமானவராக இருந்தார். அவரை இப்போது சாதுவாக்கி மாலை போட நான் விடமாட்டேன். அவரிடமிருந்து எனக்கென்று எடுத்துக்கொள்வது அந்தப் பிடிவாதத்தைத்தான். யார் எழுதிக்கொடுத்தாலும் தப்பான விடைக்கு என் கை மதிப்பெண் போடாது. என்னையும் ஆறாம் வகுப்புக்கு அனுப்பட்டும்.