மந்தியின் நெஞ்சும் சீட்டிக்குருவியும்

ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடியில் நாங்கள் குத்தகைக்கு எடுத்திருந்த மாந்தோப்பில், இரண்டு சத்தங்களோடுதான் பொழுது விடியும். மலையிலிருந்து கருமந்தி என்கிற கருங்குரங்கு முழங்கும். ஓடைப் பாறையில் ஒரு கருநீலக் குருவி, வேலைவெட்டி இல்லாத பையன் மாதிரி ராகம் சேராமல் சீட்டியடிக்கும். சீட்டிக்குருவி என்போம்.

எண்பதுகளின் கடைசி. அக்கா பஞ்சாலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். தூசி நெஞ்சில் இறங்கி இழுப்பு வந்துவிட்டது. மூச்சு விட்டால் சீட்டிச் சத்தம் கேட்கும். அம்மா ஓடிப்போய் வெந்நீர் வைத்துக் கொடுப்பாள். ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர், ஆலைக்கு அனுப்பாதீர்கள் என்று மட்டும்தான் சொன்னார். அப்பா கேட்கவில்லை. கல்யாணம் வரைக்கும் போகட்டும் என்றார். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அதற்குப் பதில் கருங்குரங்கு லேகியத்துக்கு அலைந்தார். இழுப்புக்கு அதைவிட மருந்து கிடையாது என்று ஊரே நம்பியது. கடையில் விற்பது கலப்படம் என்று, தெரிந்த வேட்டைக்காரரிடம் சொல்லி மந்தியையே சுடவைத்து வாங்கிவந்து வீட்டிலேயே லேகியம் கிண்டினார்.

"இம்புட்டு தூரம் கேக்க மாதிரி கத்துதே, அதுக்கு எம்புட்டு நெஞ்சு பலம் இருக்கணும்! மூக்கப் பொத்திக்கிட்டு முழுங்குட்டி" என்பார்.

அக்கா அந்த நிலையிலும் சிரிப்பாள். "என் நெஞ்சுக்குள்ள கெடக்கது சீட்டிக்குருவில்லா? மந்தியத் தின்னா அது எப்படிப்பா போகும்?"

இரண்டும் மலையில் பிறந்தவை, இரண்டும் மனிதரைக் கண்டால் ஒதுங்குபவை. பெரிதாகக் கத்திய குற்றத்துக்கு மந்தி செத்தது. ஒரு வாய்க்குக் காணாத குருவி பிழைத்துக்கொண்டது.

அக்கா பிழைக்கவில்லை. ஷிஃப்ட் முடிந்து வந்த ஒரு மழைநாள் காலையில், கட்டிலில் உட்கார்ந்தபடியே போய்விட்டாள். லேகியம் பாதி டப்பாவில் மிச்சம் இருந்தது.

தொண்ணூறுகளில் மலை முழக்கம் நின்றுபோனது. எத்தனை வீட்டு இழுப்புக்குச் சுட்டார்களோ. குருவி மட்டும் விடாமல் சீட்டியடித்தது. அந்தச் சத்தம் கேட்டதும் அம்மா அரைத் தூக்கத்தில் எழுந்து அடுப்பில் வெந்நீர் வைத்துவிடுவாள். தண்ணீர் சுட்ட பிறகுதான் அக்கா இல்லை என்ற நினைவு வரும். அப்புறம் அப்படியே உட்கார்ந்திருப்பாள்.

ஒருநாள் அடுப்பைப் பார்த்தபடி அப்பாவிடம் சொன்னாள்.

"அந்த வேட்டைக்கார மனுசன வரச் சொல்லுங்க. இந்தக் குருவியையும் சுட்டுறட்டும்."